மூக்கு வழியே பிட்யூட்டரி அறுவை சிகிச்சை: போகும் முன்பும் வந்த பின்பும்

பிட்யூட்டரி கட்டிக்கு மூக்கு வழியாக ஆப்பரேஷன் என்று நாள் குறித்துவிட்டவர்களுக்கும், அவர்களோடு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அறுவை அரங்குக்குள் நடப்பதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். நோயாளியும் வீட்டாரும் பார்த்துக்கொள்ள வேண்டியது அதற்குப் பிறகு வரும் இரண்டு வாரத்தை. குடிக்கிற தண்ணீர், கழிக்கிற சிறுநீர், மூக்கில் சொட்டுகிற நீர், ரத்தத்தில் இருக்கிற சோடியம் ஆகிய நான்கின் மேலும் கண் வைத்திருந்தால் பெரிய ஆபத்துகளில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே பிடித்துவிடலாம். அதனால் அந்தப் பகுதியை விரிவாகவே எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டர் இதிலிருந்து மாறுபட்டு ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் ஸ்கேனைப் பார்த்தவர் அவர்தான்.

ஏன் மூக்கு வழியாக?

உடம்பின் பல ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பி பட்டாணி அளவுதான். அரை கிராம் எடை தேறும். மண்டையோட்டின் அடித்தளத்தில், மூக்கின் நேர் பின்னால், ஒரு எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் இருப்பது ஸ்பீனாய்டு எனப்படும் காற்றறை. சற்று மேலே இரண்டு கண்களின் பார்வை நரம்புகளும் சந்திக்கின்றன. மூக்கினுள் நுழைந்து அந்தக் காற்றறையைத் திறந்து, மெல்லிய எலும்பை அகற்றினால் சுரப்பி எதிரே தெரியும். மூளையைத் தொடவோ நகர்த்தவோ தேவையில்லை. முகத்தில் தழும்பும் விழாது.

இது புதுச் சோதனை முயற்சி என்று பயப்பட வேண்டாம். 1907இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் முதன்முதலாக இந்த வழியில் ஒரு பிட்யூட்டரி கட்டியை எடுத்தார். இடையில் பல ஆண்டுகள் பெரும்பாலான அறுவை நிபுணர்கள் இந்த வழியைக் கைவிட்டு மண்டையைத் திறக்கும் முறைக்குத் திரும்பினார்கள். எடின்பரோவில் நார்மன் டாட், பாரிஸில் ஜெரார் கியோ போன்ற சிலர் விடாமல் காப்பாற்றி வைத்திருந்ததை, 1960களில் மான்ட்ரியலின் ஜூல் ஹார்டி அறுவை நுண்ணோக்கியோடு சேர்த்து மறுபடி நிலைநிறுத்தினார். 1990களில் எண்டோஸ்கோப் எனப்படும், கேமரா பொருத்திய மெல்லிய குழாய் வந்தது. இன்று பெரும்பாலான பெரிய மையங்களில் அதைக் கொண்டுதான் செய்கிறார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே புற்றுநோய் அல்ல. தொல்லை வருவது இரண்டு விதத்தில். ஒன்று, கட்டி ஏதோ ஒரு ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். மற்றது, வளர்ந்து பார்வை நரம்பையும் நல்ல சுரப்பியையும் அழுத்தும். பத்து மில்லிமீட்டருக்குக் குறைவானால் சிறிய கட்டி, அதற்கு மேல் பெரியது என்று பிரிக்கிறார்கள்.

முதல் வேலை: ஆப்பரேஷன் தேவைதானா என்று உறுதி செய்வது

கட்டி இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. பால் சுரக்க வைக்கும் புரொலாக்டின் ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் கட்டி என்றால் முதல் சிகிச்சை பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரைதான். கட்டி சுருங்கிவிடும், பார்வைகூட மீளும். அதனால் புரொலாக்டின் அளவு பார்க்காமல் யாராவது அறுவைக்குத் தேதி கொடுத்தால், பார்த்துவிட்டு வருகிறோம் என்று தயங்காமல் சொல்லுங்கள். இந்தச் சோதனையில் ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. வாந்திக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் சாதாரணமாக எழுதித் தரும் டாம்பெரிடோன், மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவை புரொலாக்டினைக் கூட்டிக் காட்டும். இதற்கு நேர்மாறாக, கட்டி மிகப் பெரிதாக இருந்து புரொலாக்டினும் மிக மிக அதிகமாக இருந்தால், பரிசோதனை முறையின் குறையால் அளவு குறைவாக இருப்பதுபோல் முடிவு வரக்கூடும். ரத்த மாதிரியை நீர்த்துப்போகச் செய்து மறுபடி பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பெரிய கட்டிக்கு அப்படிச் செய்தார்களா என்று கேளுங்கள்.

வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரந்து கை, கால், தாடை பெரிதாகும் அக்ரோமெகலி, கார்ட்டிசோல் மிகையாகும் குஷிங் நோய், எதையும் மிகையாகச் சுரக்காமல் பார்வையை அழுத்தும் பெரிய கட்டி ஆகியவற்றுக்குத்தான் பெரும்பாலும் அறுவை முதல் தேர்வு.

அறுவைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை: மருந்து செலுத்தி எடுத்த எம்.ஆர்.ஐ., மூக்குக் காற்றறைகளின் சி.டி. ஸ்கேன், கண் மருத்துவரிடம் செய்த பார்வைப் புலச் சோதனை, ஹார்மோன் ரத்தச் சோதனைகள். பார்வைப் புலச் சோதனையை யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம். இந்தக் கட்டி முதலில் பறிப்பது இரு பக்க ஓரப் பார்வையை. எதிரே இருப்பது நன்றாகத் தெரிவதால் நோயாளிக்கே அது தெரியாமல் போகும். கதவு நிலையில் தோள் இடிப்பது, பக்கவாட்டில் வரும் வண்டியைக் கவனிக்காமல் விடுவது போன்றவை இதன் அடையாளங்கள். அறுவைக்கு முந்தைய அளவு பதிவில் இருந்தால்தான், பின்னால் எவ்வளவு மீண்டது என்று சொல்ல முடியும்.

ஹார்மோன்களில் காலை எட்டு மணி கார்ட்டிசோல் மிக முக்கியம். கார்ட்டிசோலும் தைராய்டும் சேர்ந்து குறைந்திருந்தால் முதலில் கார்ட்டிசோலுக்கு ஈடான ஸ்டீராய்டு கொடுத்துவிட்டுத்தான் தைராய்டு மாத்திரை தொடங்க வேண்டும். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து.

திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது ஆகியவை வந்தால் அறுவைத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இரண்டாவது: எங்கே செய்துகொள்வது

கட்டடத்தின் பளபளப்பைவிட, அந்தக் குழு இந்த அறுவையை எவ்வளவு அடிக்கடி செய்கிறது என்பதுதான் முக்கியம். பழகிய கைகளில் சிக்கல் குறைவு. நரம்பியல் அறுவை நிபுணரோடு காது மூக்கு தொண்டை நிபுணரும் சேர்ந்து செய்கிறாரா, ஹார்மோன் நோய் நிபுணர் உடன் இருக்கிறாரா, இரவு இரண்டு மணிக்கும் சோடியம் அளவு பார்க்கும் ஆய்வகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. தமிழ்நாட்டில் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், வேலூர் சி.எம்.சி.யிலும், பக்கத்தில் புதுச்சேரியின் ஜிப்மரிலும் நரம்பியல் அறுவைத் துறைகள் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், சேரும் முன்பே அந்த மருத்துவமனையின் திட்டப் பிரிவில் காட்டி, இந்த அறுவைக்கு எவ்வளவு அனுமதி கிடைக்கும் என்று கேட்டு வையுங்கள்.

மூன்றாவது: அறுவைக்கு முந்தைய வாரம்

சாப்பிடும் எல்லா மருந்தையும் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையவிடாத மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம், இதய மருத்துவரின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் மறைக்காதீர்கள். புகையும் மூக்குப்பொடியும் இன்றோடு போகட்டும். சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், தேதியைத் தள்ளிவைப்பது நல்லது. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருந்தால், குறிப்பாக அக்ரோமெகலி உள்ளவர்கள், மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரவில் முகமூடிக் கருவி வைத்துத் தூங்குகிறவர்கள் அறுவைக்குப் பின் டாக்டர் அனுமதிக்கும்வரை அதைப் பயன்படுத்தக் கூடாது. அது அழுத்திச் செலுத்தும் காற்று, அடைத்து மூடிய இடத்தைப் பிரித்துவிடக்கூடும்.

வீட்டில் ஒரு பயிற்சி செய்து பழகுங்கள்: வாயால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருப்பது. விழிக்கும்போது மூக்கு அடைத்திருக்கும். பழகாதவர்களுக்கு அந்த முதல் இரவில் மூச்சு முட்டுவதுபோல் பீதி வந்துவிடுகிறது.

நான்காவது: அறுவை நாளும் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களும்

முழு மயக்கத்தில் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். கட்டியை எடுத்தபின், மூளையைச் சூழ்ந்த நீர் கசியாமல் இருக்க அந்த இடத்தை அடைப்பார்கள். அதற்கு மூக்கின் நடுச்சுவரிலிருந்து சவ்வு எடுக்கலாம், வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொஞ்சம் கொழுப்பும் எடுக்கலாம். மூக்கில் செய்த ஆப்பரேஷனுக்கு வயிற்றில் ஏன் கட்டு என்று பிறகு திகைக்க வேண்டாம்.

அன்றிரவு பெரும்பாலும் ஐ.சி.யூ.வில்தான். மணிக்கொரு தரம் சிறுநீரை அளப்பார்கள், பார்வையைச் சோதிப்பார்கள். துணைக்கு இருப்பவருக்கு இங்கே ஒரு பெரிய பொறுப்பு உண்டு: வார்டுக்கு வந்த பிறகு, அளக்காமல் ஒரு முறைகூடச் சிறுநீரைக் கொட்டிவிடக் கூடாது. குடித்ததையும் ஒரு தாளில் எழுத வேண்டும். பிட்யூட்டரியின் பின்பகுதிதான் உடம்பில் நீரைத் தக்கவைக்கும் வாசோபிரஸின் ஹார்மோனை வெளிவிடுகிறது. அறுவையில் அது கொஞ்சம் அதிர்ந்தாலும், தண்ணீர் போன்ற வெளிறிய சிறுநீர் லிட்டர் கணக்கில் போகும், தாகம் அடங்காது. பெரும்பாலோருக்கு இது சில நாட்களில் சரியாகிவிடும். தேவைப்பட்டால் டெஸ்மோப்ரெஸின் என்ற மருந்து கொடுப்பார்கள். இதற்கு டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று பெயர்; சர்க்கரை நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பார்வை முன்பைவிட மங்கினால் காலை ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே செவிலியரைக் கூப்பிடுங்கள். உள்ளே ரத்தம் தேங்கி நரம்பை அழுத்தினால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடும். மற்றபடி தலை பாரம், மூக்கடைப்பு, வாய் வறட்சி, தொண்டையில் ரத்தம் கலந்த சளி இறங்குவது எல்லாம் எதிர்பார்த்தவைதான். சிக்கல் இல்லையென்றால் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஐந்தாவது: வீட்டில் முதல் இரண்டு வாரம்

ஆள் தெளிவாக இருக்கிறார், நடக்கிறார், சாப்பிடுகிறார் என்று குடும்பம் நிம்மதியடையும் சமயத்தில்தான், அறுவை முடிந்த ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், சோடியம் இறங்கும். அடிபட்ட பின்பகுதி தன்னிடம் சேர்த்து வைத்திருந்த வாசோபிரஸினை மொத்தமாகக் கசியவிடுகிறது. சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது. ரத்தம் நீர்த்துப்போய், 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியம் சரிகிறது. ஆஸ்பத்திரியில் முதல் நாட்களில் அளவுக்கு மீறிச் சிறுநீர் போனவருக்கும் இது வரலாம்.

அடையாளங்கள் முதலில் சாதாரணமாகவே தோன்றும்: குமட்டல், தலைவலி, அசதி, சாப்பாட்டில் வெறுப்பு. பிறகு குழப்பம், பேச்சு தடுமாற்றம், அதீதத் தூக்கம், வலிப்பு. "ஆப்பரேஷன் பண்ணின உடம்பு, அசதி இருக்கத்தானே செய்யும்" என்று வீட்டார் சொல்லிக் கடந்துவிடுவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. ஏழாம் நாளையொட்டி ஒரு சோடியம் ரத்தச் சோதனை செய்தே ஆக வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் அது எழுதியில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். சொந்த ஊரிலேயே எடுத்து, முடிவை டாக்டருக்கு அனுப்பலாம். குறைந்திருந்தால் உப்பை நீரில் கரைத்துக் குடித்துச் சரிசெய்ய முயல வேண்டாம். சோடியத்தை அவசரமாக ஏற்றினாலும் மூளை பாதிக்கும். ஆஸ்பத்திரியில் அளந்துதான் ஏற்ற வேண்டும்.

இதைத் தடுக்கப் பல மருத்துவமனைகள் வீட்டுக்குப் போன பிறகு ஒரு வாரத்துக்குக் குடிநீரை நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டருக்குள் வைக்கச் சொல்கின்றன. நம் வீடுகளில் இது கஷ்டமான காரியம். பார்க்க வருகிறவர்கள் இளநீரும் ஜூஸும் வாங்கி வருவார்கள், உடம்பு சூடு தணியட்டும் என்று பாட்டி மோரை நீட்டுவார். இளநீர், மோர், ரசம், கஞ்சி, காப்பி எல்லாமே கணக்கில் சேரும். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய அளவை ஊற்றி வைத்துவிடுங்கள். காப்பி குடித்தால் அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். இதைவிட எளிய கணக்கு இல்லை. வாய் வறண்டால் கொப்பளித்துத் துப்பலாம். ஆனால் டெஸ்மோப்ரெஸின் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும், இன்னும் சிறுநீர் அதிகம் போகிறவர்களுக்கும் விதி வேறு. அவர்கள் தாகத்துக்குத் தக்கபடி குடிக்க வேண்டியிருக்கும். நீங்கள் எந்தப் பக்கம் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கவலை மூளை நீர்க் கசிவு. முன்னால் குனியும்போது மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து தெளிந்த நீர் சொட்டுவது, தொண்டையில் உப்புச் சுவையோடு இறங்குவது, எழுந்து உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி ஆகியவை அதன் அடையாளங்கள். சளியாக இருக்கும் என்று விடாதீர்கள். முடிந்தால் ஒரு சுத்தமான சிறு டப்பாவில் சில சொட்டுகளைப் பிடித்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், பரிசோதித்துச் சொல்லிவிடுவார்கள். கசிவோடு காய்ச்சல், கழுத்து விறைப்பு, வெளிச்சம் தாங்காமை வந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

கசிவைத் தவிர்க்க, தலைக்குள் அழுத்தம் ஏற்றும் எதையும் ஒன்றரை மாதம்போலத் தள்ளிவைக்க வேண்டும்:

- மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயை அகலத் திறந்து தும்முங்கள்.
- ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, பலூன் ஊதக் கூடாது.
- குனிந்து கோலம் போடுவது, பெரியவர் காலில் விழுவது, சாஷ்டாங்க நமஸ்காரம் வேண்டாம். தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்து முடிக்கலாம்.
- தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, சிலிண்டர், ஏன், ஆசையாகக் கை நீட்டும் பேரப்பிள்ளையைக்கூடத் தூக்கக் கூடாது.
- முக்கக் கூடாது. மலச்சிக்கல் வராமல் டாக்டர் தரும் மருந்தைச் சாப்பிடுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறைக்குப் பதில் மேற்கத்திய வகை கிடைத்தால் நல்லது.
- தலைமாட்டைச் சற்று உயர்த்திப் படுங்கள்.
- கபாலபாதி போன்ற மூச்சுப் பயிற்சிகளும் தலைகீழ் ஆசனங்களும் டாக்டர் சொல்லும்வரை கிடையாது.

விமானப் பயணத்துக்கும் டாக்டரின் அனுமதி வேண்டும். இலங்கையிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ சென்னைக்கு வந்து செய்துகொள்கிறவர்கள், திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுப்பது நல்லது.

மூக்குக்கு வருவோம். டாக்டர் சொன்ன நாளிலிருந்து உப்புநீர்க் கரைசலை விட்டுக் கழுவ வேண்டும். பொருக்கு மெல்ல ஊறி விழும், விரலை விட்டுப் பிய்க்காதீர்கள். கழுவும் நீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும், குழாய்த் தண்ணீரை நேராக விடக் கூடாது. நல்ல மனதோடு யாராவது மூக்கில் எண்ணெய் விடச் சொல்வார்கள், ஆவி பிடிக்கச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். வாசனையும் ருசியும் பெரும்பாலும் சில வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் மழுங்கியிருக்கும். வாசனை தெரியாத அந்தக் காலத்தில் சமையல் கேஸ் கசிந்தாலும் தெரியாது. அடுப்பைத் தினமும் மூடிச் சரிபார்க்கும் பொறுப்பை வீட்டில் வேறொருவர் ஏற்க வேண்டும். கெட்டுப்போன சாம்பாரும் அப்படித்தான், இன்னொருவர் முகர்ந்து பார்க்கட்டும். இரண்டு மூன்று வாரம் கழித்தும் சிலருக்கு மூக்கிலிருந்து திடீரென ரத்தம் கொட்டலாம். நிற்காமல் ஓடினால் உட்கார்ந்தபடி வாயால் துப்பிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால்

ஹைட்ரோகார்ட்டிசோன் அல்லது பிரெட்னிசோலோன் கொடுத்திருந்தால், ஸ்டீராய்டு கெட்டது என்று கேள்விப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். இங்கே அது உங்கள் உடம்பு சுரக்க வேண்டியதற்கு ஈடு. திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். காய்ச்சல் வந்தால் வழக்கமான அளவை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை முன்பே எழுதி வாங்கி வையுங்கள். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிதான் வழி. அருகில் இருக்கும் எந்த மருத்துவமனைக்கும் போய், ஸ்டீராய்டு ஊசி உடனே வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன்புகூட டாக்டரிடம் சொல்லுங்கள். பெயர், நோய், மருந்து, டாக்டர் போன் எண் எல்லாம் எழுதிய சீட்டு ஒன்று பர்ஸில் எப்போதும் இருக்கட்டும்.

குஷிங் நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. கட்டி முழுவதும் போனதும் கார்ட்டிசோல் அதல பாதாளத்துக்கு இறங்கும். மாதக்கணக்கில் உடம்பு வலி, மூட்டு வலி, தோல் உரிதல், சோர்வு, மனத் தளர்ச்சி எல்லாம் வரும். அறுவை தோற்றுவிட்டது என்று அழுகிறார்கள். உண்மையில் பெரும்பாலும் அது வென்றதன் அடையாளம். குடும்பம் இதைப் புரிந்துகொண்டு பொறுமையாகக் கூட இருக்க வேண்டும்.

ஆறாவது: அடுத்து வரும் மாதங்கள்

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மூன்று நான்கு வாரத்தில் திரும்பலாம். பளு தூக்கும் வேலைக்கு இரண்டு மாதம் ஆகட்டும். வண்டி ஓட்டுவது பார்வைப் புலச் சோதனை முடிவைப் பொறுத்தது. முன்பு எவ்வளவு ஆண்டு ஓட்டியிருந்தாலும் சோதனைக்கு முன் சாவியைத் தொடாதீர்கள். பார்வை சிலருக்கு மயக்கம் தெளியும்போதே பளிச்சென்று தெரியும், சிலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மீளும்.

அக்ரோமெகலி உள்ளவர்களுக்கு விரல் வீக்கமும் வியர்வையும் சில நாட்களிலேயே குறையும். மோதிரம் தளர்வதை அவர்களே சொல்வார்கள். வளர்ந்த எலும்பு மட்டும் பழைய அளவுக்குத் திரும்பாது. வளர்ச்சி ஹார்மோனின் நிலையைக் காட்டும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற ரத்தச் சோதனையை மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது வழக்கம்.

ஹார்மோன் சோதனைகள் ஆறு வாரம்போலவும், எம்.ஆர்.ஐ. மூன்று மாதம்போலவும் மறுபடி எடுப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் ரத்தமும் அடைத்து வைத்த கொழுப்பும் கட்டிபோலத் தோன்றிக் குழப்பும். பக்கத்து ரத்தக்குழாய்களைச் சுற்றி வளர்ந்த கட்டியில் கொஞ்சம் மிச்சம் விடுவதும் உண்டு. அது டாக்டர் கவனமில்லாமல் விட்டதல்ல, உயிரைக் காக்க விட்டது. மிச்சத்தை மருந்தாலோ கதிர்வீச்சாலோ கட்டுப்படுத்தலாம், சில சமயம் சும்மா கண்காணித்தாலே போதும்.

பல ஆண்டுகள் கழித்தும் மறுபடி வளரக்கூடிய நோய் இது. அதனால் எதுவும் தொல்லை இல்லாதபோதும் சொன்ன தேதிக்கு ஸ்கேனுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு எம்.ஆர்.ஐ. குறுந்தகட்டையும், கட்டியின் நோயியல் அறிக்கையையும், அறுவைக் குறிப்பையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள். மாதவிடாய் நின்றுபோயிருந்த பெண்களுக்கு அறுவைக்குப் பின் அது திரும்ப வரலாம், எதிர்பாராமல் கருவும் தங்கலாம். குழந்தை வேண்டுமென்றாலும் இப்போதைக்கு வேண்டாமென்றாலும் அதை ஹார்மோன் டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரைகளின் அளவை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.